பெரியநாயகி எழுதிய ராஜினாமா

கோவிந்தசாமி முதலாளியின் கரண்டுக்கான பீங்கான் பீஸ் கட்டை செய்யும் கம்பெனிக்கு ஒரே ஒரு மெயில் முகவரிதான் இருந்தது. அங்கே நாற்பத்து மூன்று பேர் வேலை பார்த்தார்கள். நாற்பத்து மூன்று பேரும் அதைத் தங்கள் சொந்த முகவரி போலவே வைத்துக்கொண்டார்கள். ஆதார் திருத்தமா, பிள்ளைக்குக் கல்லூரி விண்ணப்பமா, ரத்தப் பரிசோதனையா, எந்தப் படிவத்தில் மின்னஞ்சல் என்று ஒரு கட்டம் வந்தாலும் யோசிக்காமல் கம்பெனி முகவரியைச் சொல்லிவிடுவார்கள். "பெரிநாயகி பாத்துக்கும்" என்பார்கள். பெரியநாயகியும் பார்த்துக்கொண்டாள். வினையே அங்கேதான் ஆரம்பம்.

அவள் நல்லூர்க்காரி. பன்னிரண்டாவது முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்து, விருத்தாசலத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். கணவர் மதிவாணன் ஜங்ஷனுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். டைப் படித்த கைகள் எட்டு வருஷம் பீஸ் கட்டைகளுக்கு நடுவே வைக்கோல் திணித்தன. பிறகு ஆர்டர் எல்லாம் மெயிலில் வரும் காலம் வந்தது. முதலாளி ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டு அதைத் தொட ஆளில்லாமல் முழித்தார். "டைப் தெரிஞ்ச பொம்பள ஒண்ணு பேக்கிங்ல இருக்குதே, அதக் கூப்பிடு" என்றார். அன்று நாற்காலியில் உட்கார்ந்தவள், பன்னிரண்டு வருஷமாக எழுந்திருக்கவில்லை.

வந்த புதிதில் ஒன்று நடந்தது. கட்டைகளைக் கிளேஸ் என்ற பளபளப்புப் பூச்சில் முக்கும் பிரிவில் வேலை பார்த்த ஒரு கல்யாணமாகாத பெண்ணின் லேப் ரிப்போர்ட் அந்த மெயிலுக்கு வந்தது. பெரியநாயகி வருவதற்குள் கணக்குப்பிள்ளை திறந்து படித்துவிட்டார். பதினோரு மணி டீ வருவதற்குள் சூளைக்காரன் வரைக்கும் சேதி போய்விட்டது. அந்தப் பெண் மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைக்கூட எடுக்காமல் போனவள்தான், திரும்பி வரவே இல்லை. பெரியநாயகிக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்கப்புறம் அவள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டாள். காலை எட்டரைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்து மெயிலைத் திறப்பாள். ஆர்டர், களிமண், லாரி என்று கம்பெனிச் சமாச்சாரங்களை இருந்த இடத்திலேயே விட்டுவிடுவாள். ஆட்களின் லெட்டர்களை மட்டும் அந்த மெயிலுக்குள்ளேயே தனியாக ஒரு பெட்டிக்குத் தள்ளுவாள். அந்தப் பெட்டிக்கு 'உடைசல்' என்று பேர் வைத்தாள். சூளையில் வெடித்துப்போன சரக்குக்கு அங்கே உடைசல் என்று பேர். உடைசல் கணக்கை எந்த ஆம்பளையும் தானாகத் தேடிப்போய்ப் பார்க்க மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். லெட்டர் வந்த ஆளை மட்டும் கூப்பிட்டு, காதும் காதும் வைத்தாற்போல் சொல்லி, அவர் பக்கத்தில் நிற்கும்போதே பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவாள்.

யாருடைய லெட்டர் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சமாவது படிக்கத்தானே வேண்டும்? படித்தாள். யார் வீட்டில் விவாகரத்து, யாருக்குச் சர்க்கரை, யார் வேறு வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார்கள், எல்லாம் அவளுக்குத் தெரியும். ஒன்றுகூட வெளியே போனதில்லை. கட்டின புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அந்த விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

முதலாளிக்கு மூட்டு வலி அதிகமாகி வீட்டோடு இருந்துவிட, போன வருஷம் சித்திரையில் மகன் பாரி கோயம்புத்தூரிலிருந்து வந்து கம்பெனியில் உட்கார்ந்தான். வயது முப்பதுக்குள். மரியாதை தெரிந்தவன். வயதில் மூத்த ஆட்களை அண்ணே என்பான், அக்கா என்பான். குரலை உயர்த்தி ஒருவரும் கேட்டதில்லை. வந்த முதல் வாரமே, "அக்கா, மெயில் பாஸ்வேர்டு குடுங்க, என் போன்ல போட்டுக்கறேன்" என்றான். முதலாளி மகன் கேட்டால் இல்லையென்று சொல்ல முடியுமா? கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து அவள் அதைக் கவனித்தாள். திறக்காத மெயிலின் எழுத்துத் தடிப்பாக இருக்கும், திறந்துவிட்டால் மெலிந்துவிடும். பன்னிரண்டு வருஷமாகக் காலையில் முதலில் திறப்பவள் அவள்தான். இப்போது அவள் வருவதற்கு முன்பே சில எழுத்துகள் மெலிந்து கிடந்தன. ஆர்டர் மெயில்கள் தடிப்பாகவே இருந்தன. மெலிந்ததெல்லாம் ஆட்களின் லெட்டர்கள். வெறும் ஸ்கிரீன்தான், ஆனாலும் வீட்டுப் பூட்டை யாரோ திறந்து பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டிவைத்தது போல இருந்தது.

பத்து நாளில் பேக்கிங் ஷெட்டில் எல்லோரும் இருக்கும்போது பாரி, அங்கே வைக்கோல் திணிக்கும் மதிவதனியிடம் சிரித்துக்கொண்டே கேட்டான்.

"என்னக்கா, அங்கன்வாடி வேலைக்கு இன்டர்வியூ வந்திருக்குதாமே? நல்லபடியா பண்ணுங்க."

மதிவதனி கையில் இருந்த வைக்கோலோடு அப்படியே நின்றாள். அடுத்த திங்கட்கிழமை அவளிடம், "இப்ப லோடு கம்மியா இருக்குதுங்க, சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். சொல்லி அனுப்பவில்லை. அங்கன்வாடி வேலையும் கிடைக்கவில்லை. மதிவதனி போகும்போது ஆபீஸ் ஜன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று பெரியநாயகிக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலமே பாரியிடம் போய் நின்றாள்.

"தம்பி, ஆளுங்களோட சொந்த லெட்டர் சிலது அந்த மெயிலுக்கு வருதுங்க. அத நான் தனியா எடுத்து அவங்கவங்ககிட்ட குடுத்துடறேன். நீங்க அதப் பாக்கத் தேவையில்லிங்க."

பாரி போனிலிருந்து தலை தூக்கினான். "கம்பெனி மெயில்ல சொந்தம்னு ஒண்ணு ஏதுக்கா?" என்றான். கோபமே இல்லாமல்தான் சொன்னான். பிறகு, "தனியா எடுக்கறீங்கன்னா, எங்க எடுத்து வைக்கிறீங்க?" என்று கேட்டான்.

"அழிச்சிடுவேனுங்க" என்றாள். பொய். அவன் சரியென்று தலையாட்டினான்.

சாமிதுரையின் ஸ்கேன் ரிப்போர்ட் ஆடி மாதம் வந்தது.

சாமிதுரை மில்லுக்காரர். பீங்கான் மண்ணில் சேர்க்கும் வெங்கச்சங்கல்லைப் பவுடராக அரைக்கும் ரூமில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். தூசியை வெளியே இழுக்கும் காற்றாடி நின்று நாலு வருஷமாகிறது. வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வார். கையெழுத்துப் போடத் தெரியும், அதற்குமேல் எழுத வராது. பி.எஃப். பேப்பரிலிருந்து பேத்தி ஸ்கூல் லீவு லெட்டர் வரைக்கும் பெரியநாயகிதான் அவருக்கு எழுதித் தருவாள். நாலு மாசமாக இருமல் நிற்காமல் பாண்டிச்சேரிக்குப் போய் ஸ்கேன் எடுத்திருந்தார். ரிப்போர்ட் மெயிலில் வரும் என்றார்கள். வந்தது. அவள் பார்க்கும்போது எழுத்து மெலிந்திருந்தது.

அவரைக் கூப்பிட்டு, உட்கார வைத்து, பிரிண்டைக் கையில் கொடுத்தாள். நுரையீரலில் கல்தூசி படிந்து இறுகிவிட்டது, இனி சரியாகாது, சாகும்வரை மருந்து எடுக்க வேண்டும் என்பதை எப்படிச் சொன்னாளோ, அவளுக்கே நினைவில்லை. சாமிதுரை பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"டாக்டர் வாயால சொல்லிட்டாரும்மா. இ.எஸ்.ஐ. கார்டு இருக்கற வரைக்கும் மருந்துக்குப் பயமில்லன்னாரு. வேலைய மட்டும் வுட்டுடாதீங்கன்னாரு. கம்பெனி ரோல்ல என் பேரு இருக்கணும், அவ்ளோதான்."

"மொதலாளி மவன் இதப் பாத்துட்டாருண்ணே."

"பாத்தா என்ன பண்ணுவாரு? நானா போனாத்தான போவேன்."

அவருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. தன் நெஞ்சு போனது போகட்டும், மில்லில் இன்னும் மூன்று பேர் நிற்கிறார்களே, அந்தக் காற்றாடியை ஓட வைக்க வேண்டும் என்றார். மாவட்டத் தொழிற்சாலை இன்ஸ்பெக்டருக்கு எழுதச் சொன்னார். பெரியநாயகி கம்பெனி மெயிலைத் தொடாமல், மகள் காவியாவின் போனிலிருந்து புகாரை அனுப்பினாள். அத்தனை உஷாராக இருந்தவள், நகல் ஒன்று கைவசம் இருக்கட்டுமென்று அதை 'உடைசல்' பெட்டியில் போட்டுவைத்தாள். பன்னிரண்டு வருஷ ஆபீஸ் பழக்கம், நகல் இல்லாமல் கை ஓடாது. என்ன சொல்ல!

அதே வாரம் சாமிதுரை மணவாளநல்லூருக்குப் போய்க் கொளஞ்சியப்பர் கோயிலிலும் பிராது கட்டினார். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்ன குறை, இன்னாரால் வந்தது, நீதான் விசாரிக்க வேண்டும் என்று சாமிக்கு மனு எழுதி, மடித்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டு வருவார்கள். குறை தீர்ந்துவிட்டால் சும்மா இருக்கக்கூடாது. திரும்பப் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும். அப்படி வாங்குவதற்கு ராஜினாமா என்று பேர். ராஜினாமா பண்ணாமல் விட்டால் சாமி விசாரணையை நிறுத்தாது, அது நம்மையே திரும்பிப் பார்க்கும் என்பார்கள். அந்தச் சாமி மனுவையும் பெரியநாயகிதான் எழுதிக் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டரிடமிருந்து விசாரணைக் கடிதம் கம்பெனிக்கு வந்தது. பாரி சத்தம் போடுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் சாமிதுரையை உள்ளே கூப்பிட்டுத் தோளில் கை போட்டு வெளியே அழைத்து வந்தான். "அண்ணே இனிமே மில்லுக்குப் போக வேணாம், கேட்டுல உக்காரட்டும்" என்று சொல்லி, தன் ரூமிலிருந்த குஷன் நாற்காலியையே எடுத்துக் கேட்டில் போட்டான். எட்டு நாளில் புதுக் காற்றாடி வந்தது. மில் ரூமில் தூசி குறைந்தது நிஜம். ஆட்கள் பாரியைப் புகழ்ந்து தள்ளினார்கள். பெரியநாயகிக்கு மட்டும் அந்த நாற்காலியைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருந்தது. இவ்வளவு நல்லவனாக ஒருத்தன் திடீரென்று ஏன் மாற வேண்டும்?

ஆவணி பிறந்ததும் சாமிதுரை ஆபீசுக்கு வந்தார். முகத்தில் தெளிவு இருந்தது.

"பெரிநாயகி, காத்தாடி ஓடுதும்மா. கொளஞ்சியப்பருக்கு ராஜினாமா பண்ணிட்டு வந்துட்டேன். இன்ஸ்பெக்டருக்கும் பண்ணிடணும். தீந்த கொறைய தொங்க வுடக்கூடாது. தம்பியும் அதத்தான் கேக்குது. எழுது."

"அண்ணே, கொஞ்ச நாள் போவட்டுமே."

"அது தப்பும்மா. சாமி குத்தமாயிடும்."

அவள் டைப் அடித்தாள். இன்ன தேதியில் காற்றாடி குறித்து நான் கொடுத்த பிராது, காற்றாடி புதிதாகப் போடப்பட்டது, ஆகவே என் குறை தீர்ந்துவிட்டபடியால் யாருடைய வற்புறுத்தலும் இன்றி மனப்பூர்வமாக ராஜினாமா செய்துகொள்கிறேன். கோயில் மனுவில் எப்படி எழுதுவாளோ அப்படியே எழுதினாள். அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமும் இருக்கிறது என்று டைப் ஹையர் பாஸ் செய்தவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பிராது என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அவள் கண்ணுக்கு அது கோயில் வார்த்தையாகத்தான் பட்டது.

பாரி பின்னால் வந்து நின்று படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"நல்லா எழுதியிருக்கீங்கக்கா. மேல இருக்கற கதையெல்லாம் எதுக்கு? சுருக்கமா இருக்கட்டும். அந்த ரெண்டு வரிய எடுத்துடுங்க. கம்பெனி மெயில்லேருந்தே அனுப்புங்க, ஆளும் கம்பெனியும் ஒத்துமையா இருக்கறது அவங்களுக்குத் தெரியணும்ல. எனக்கும் ஒரு காப்பி."

அவள் இரண்டு வரியை எடுத்தாள். தேதி போனது, காற்றாடி போனது, பிராது போனது, தீர்ந்த குறையும் போனது. மிச்சம் இருந்ததன் கீழே சாமிதுரை கையெழுத்துப் போட்டார். ஸ்கேன் செய்து அனுப்பினாள். பாரி தன் கையாலேயே சாமிதுரைக்கு டீ வாங்கி வந்து கொடுத்தான்.

அடுத்த மாசம் மருந்து வாங்கப் போன சாமிதுரையை டிஸ்பென்சரியில் நிறுத்தினார்கள். "பெரியவரே, நீங்க வேலைய விட்டுட்டதா கம்பெனி எழுதியிருக்காங்க. இந்தக் கார்டு இன்னும் ரெண்டு மாசம்தான் ஓடும். அப்புறம் வெளியில வாங்கிக்குங்க." அவர் நேராகக் கம்பெனிக்கு வந்தார். கேட்டில் குஷன் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான்.

பெரியநாயகி பாரியின் ரூமுக்குள் கதவைத் தட்டாமலே நுழைந்தாள். வாழ்நாளில் அப்படி நுழைந்ததில்லை.

"தம்பி, அது பிராது ராஜினாமாங்க. வேல ராஜினாமா இல்லிங்க. நீங்க பக்கத்துலதான நின்னீங்க?"

"ராஜினாமான்னு அடிச்சது நீங்க. கையெழுத்து அவரது. இன்ஸ்பெக்டருக்கும் அதுதான் போயிருக்குது. அவரு ஃபைல முடிச்சிட்டாரு."

"உங்க வூட்டுலயும் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டறவங்கதான. ராஜினாமான்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும்க்கா" என்றான் பாரி.

அவ்வளவுதான். மறுக்கக்கூட இல்லை. அவன் போனை எடுத்து அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். 'உடைசல்' பெட்டி திறந்திருந்தது.

"பன்னெண்டு வருஷத்துது, எல்லாம் படிச்சேன். உங்க பொண்ணு போன்லேருந்து போன லெட்டரு நகல்கூட இருக்குது. அழிச்சிடுவேன்னு சொன்னீங்க. இத்தன பேரு சமாச்சாரத்தயும் படிச்சு, சேத்து வச்சது நீங்கதான? நான் இல்லியே. சத்தம் போடறதுன்னா போடுங்க. ஷெட்டுல எல்லாரையும் கூப்பிட்டு இதக் காட்டிட்டே பேசலாம்."

அவள் சத்தம் போடவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வருகிறது. மறுநாள் காலை எட்டரைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தாள். பாஸ்வேர்டு தவறு என்று வந்தது. மூன்று தடவை அடித்துப் பார்த்தாள். வேலையை விட்டு அவளை எடுக்கவில்லை, நாற்காலியும் அப்படியே இருந்தது. பில் அடிக்கச் சொன்னார்கள். ஆட்கள் பழையபடி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்து, "லெட்டரு எதுனா வந்துச்சா?" என்று கேட்டார்கள். "தம்பியைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு பில் பக்கம் குனிந்துகொண்டாள். இனிமேல் அந்த முகவரியை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிப் பார்த்தாள். "ஏன், ஒனக்குச் சலிப்பா இருக்குதா?" என்று சிரித்தார்கள்.

காவியாவின் போனிலிருந்து இன்ஸ்பெக்டருக்கு மறுபடி எழுதினாள். எங்கள் ஊரில் ராஜினாமா என்றால் இது என்று விளக்கி, கோயில் வழக்கத்தைச் சொல்லி, ஒரு பக்கத்துக்கு எழுதினாள். நாலாம் நாள் பதில் வந்தது. சம்பந்தப்பட்ட தொழிலாளி நேரில் வந்து வாக்குமூலம் கொடுத்தால் மறுபடி விசாரிக்கலாம், வேறொருவர் எழுதுவதை ஏற்க முடியாது. பெரியநாயகிக்கு உயிர் வந்தது. சாமிதுரை வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். அரை நாள் லீவு போட்டுவிட்டு, மதிவாணனின் ஆட்டோவிலேயே அவர் வீட்டுக்குப் போனாள்.

வாசலில் சாமிதுரையின் மனைவி ராஜாம்பாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். எப்போதும் "வா பெரிநாயகி" என்று எழுந்து வருபவள், அன்று எழுந்திருக்கவில்லை.

"அண்ணன் இல்லீங்களா? அவசரம்க்கா. கடலூருக்கு இன்ஸ்பெக்டருகிட்ட கூட்டிட்டுப் போவணும். நேர்ல சொன்னா பேரத் திரும்ப ஏத்திடலாம்."

"வர மாட்டாரு."

"ஏங்க்கா?"

"அந்தத் தம்பி வூட்டுக்கு வந்துச்சு. நான் எதுவும் பண்ணலண்ணே, அக்காதான் அப்படி அடிச்சிடுச்சு, இத்தன வருஷமா உங்க எல்லாரு லெட்டரையும் படிச்சு சேத்து வச்சிருக்குது பாருங்கன்னு போன்ல காட்டுச்சு. இவரு நெஞ்சுப் படம், மூத்த பொண்ணு புருஷன தீத்துக்கிட்டு வந்த கோர்ட்டு பேப்பரு, எல்லாம் இருந்துச்சு. நீ அதயெல்லாம் அழிச்சிருப்பன்னு நாங்க நெனச்சம் பெரிநாயகி."

பாரி போனில் காட்டியதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

"அண்ணன் எங்கக்கா போயிருக்காரு? நானே போயிப் பேசறேன்."

"கொளஞ்சியப்பர் கோயிலுக்கு. பிராது கட்ட."

"பாரி மேலதான?" என்று கேட்டுவிட்டாள். ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ராஜாம்பாள் முறத்தைத் தட்டுவதை நிறுத்தவில்லை. முகத்தையும் தூக்கவில்லை.

"ஸெராக்ஸ் கடையில எழுதி வாங்கனாரு. அந்த ஆளு கேட்டாராம், இந்தூர்ல பெரியநாயகிங்க நெறைய பேரு இருக்காங்களே, வெறும் பேர எழுதனா சாமிக்கு எந்த ஆளுன்னு எப்படித் தெரியும்னு. அதுக்கு, மெயில் பாக்குற பெரியநாயகின்னு போடுங்கன்னு சொல்லி எழுதி வாங்கிக்கிட்டு வந்தாரு."